கறுப்புக் கல்லின் மேல் காந்தமானி ஏன் தாழ்கிறது? திண்டிவனத்துக்கு மேற்கே உள்ள டைக்குகளும் இரும்புத்தாதுத் தேடலும்

வானூர்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் புதுச்சேரியில் ஒரு கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கிறேன். சென்ற மாதம் மூன்றாம் ஆண்டு மாணவர்கள் ஆறு பேரை அழைத்துக்கொண்டு, புரோட்டான் காந்தமானி ஒன்றுடன், திண்டிவனத்துக்கு மேற்கே செஞ்சி செல்லும் சாலையை ஒட்டிய வயல்வெளிக்குச் சென்றிருந்தேன். அங்கே சாம்பல் நிற நைஸ் பாறைக்கு நடுவே, உருண்டு திரண்ட கறுப்புக் கற்கள் ஏறத்தாழக் கிழக்கு மேற்காக அரைக் கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு தாழ்ந்த கரையைப் போல நீண்டு கிடக்கின்றன. கல்லின் மேற்பரப்பில் விரல் நகத்தின் கனத்துக்கு ஒரு பழுப்புத் தோல் இருக்கிறது. சுத்தியால் அடித்தால் வெண்கலத்தைத் தட்டியதுபோல ஓசை எழுகிறது, உடைந்த முகம் கரிக்கறுப்பாக, மணிகளே கண்ணுக்குப் புலப்படாத அளவுக்கு நெருக்கமாக இருக்கிறது.

அந்தக் கரைக்குத் தெற்கே 150 மீட்டரில் தொடங்கி, அதைக் கடந்து வடக்கே 150 மீட்டர் வரை, ஐந்து மீட்டருக்கு ஒரு முறை அளந்தோம். தொலைவில் 41,100 நானோடெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் அலகு) அளவில் நின்ற புலம், கரையை நெருங்கும்போது நூறு நானோடெஸ்லா போல ஏறியது. பிறகு கறுப்புக் கல்லின் நேர் மேலே, ஏறும் என்று நாங்கள் எல்லோரும் காத்திருந்த இடத்தில், ஏறத்தாழ 450 நானோடெஸ்லா இறங்கியது. கருவியில் கோளாறோ என்று எண்ணி மாணவர்கள் மூன்று முறை நடந்தார்கள். மூன்று முறையும் அதே பள்ளம்தான் வந்தது.

எங்களைப் பார்த்துக்கொண்டிருந்த ஊர்ப் பெரியவர் ஒருவர், அந்தக் கல்லுக்கு அடியில் இரும்பு இருப்பதாகவும், இது எரிமலை கக்கிய கல் என்று தம் தகப்பனார் காலத்தில் வந்தவர்கள் சொன்னதாகவும் கூறினார். என் கேள்விகள் இரண்டு. காந்தத் தன்மை மிகுந்த கல்லின் மேல் காந்தப்புலம் குறைவது ஏன்? இந்தக் கல்லுக்கும் இரும்புத்தாதுக்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா?

கெடிலக்கரை எழுதியது:

வானூர்வாசி அவர்களுக்கு வணக்கம். கனிமத் தேடல் பணியில் முப்பது ஆண்டுகள் கழித்துவிட்டு இப்போது கடலூரில் ஓய்வாக இருக்கிறேன். உங்கள் கருவியில் கோளாறு எதுவும் இல்லை. நீங்கள் கண்டது நம் ஊர் அட்சரேகையில் கிடைக்க வேண்டிய சரியான விடை. ஏறும் என்று நீங்கள் எதிர்பார்த்ததற்குக் காரணம், பாடநூல்களில் நாம் பார்க்கும் படங்கள் பெரும்பாலும் வட ஐரோப்பாவிலும் கனடாவிலும் அளந்தவை என்பதுதான்.

அங்கே புவியின் காந்தப்புலம் தரைக்குள் கிட்டத்தட்டச் செங்குத்தாக இறங்குகிறது. பாறை அந்தத் திசையிலேயே காந்தமேறுவதால், அதன் மேல் நிற்பவருக்குப் பாறையின் புலமும் புவியின் புலமும் ஒன்றோடொன்று கூடி மேடாகத் தெரியும். காந்தச் சரிவு, அதாவது புலம் கிடைமட்டத்திலிருந்து கீழே சாயும் கோணம், சுழியாகும் காந்த நடுக்கோடு திருநெல்வேலிக்கு அருகே நம் தென்முனையைக் கடந்து செல்கிறது. அங்கிருந்து வடக்கே வரும்போது சரிவு மெல்லக் கூடினாலும், புதுச்சேரி, திண்டிவனம் பக்கத்தில் அது 10 டிகிரியை ஒட்டியே இருக்கிறது. ஆகவே நம் தரையில் புலம் வடக்கு நோக்கிக் கிட்டத்தட்டப் படுத்துக் கிடக்கிறது. கிழக்கு மேற்காக நீளும் உங்கள் கல்சுவர் (இதைத்தான் டைக் என்கிறோம்) அந்தப் புலத்தில் காந்தமேறும்போது, அதன் வடக்கு முகம் ஒரு துருவமாகவும் தெற்கு முகம் எதிர்த்துருவமாகவும் ஆகிறது. ஒரு சட்டக்காந்தத்தை மேசைமேல் கிடத்தி, அதன் நடுப்பகுதிக்கு மேலே சிறு திசைகாட்டியைப் பிடித்துப் பாருங்கள். அங்கே காந்தத்தின் புலம் அதன் உட்புறத் திசைக்கு நேர் எதிராக ஓடும். அதுவே உங்கள் கல்சுவரின் மேலும் நடக்கிறது. சுவரின் புலம் தெற்கு நோக்கித் திரும்பிப் புவியின் புலத்தைக் கழிப்பதால் உங்களுக்குப் பள்ளம் கிடைத்தது. சரிவு முழுச் சுழியாக இல்லாமல் 10 டிகிரியாக இருப்பதால், தெற்கே சற்றுப் பெரிய மேடும், பள்ளத்தின் அடி கல்லின் நடுவிலிருந்து மிகச் சிறிதளவு வடக்கே தள்ளியும் இருக்கும். நீங்கள் தெற்கிலிருந்து வந்தபோது கண்ட நூறு நானோடெஸ்லா ஏற்றம் அதுதான்.

இன்னொன்றையும் உங்கள் மாணவர்களுக்குக் காட்டுங்கள், இதைவிட அது முக்கியமானது. அதே கனமும் அதே காந்தத் தன்மையும் உள்ள ஒரு சுவர் வடக்கு தெற்காக ஓடினால், புலம் அதன் நீளவாக்கிலேயே செல்வதால், துருவங்கள் அதன் இரு கோடிகளில் மட்டுமே தோன்றும். நடுவில் குறுக்கே நடப்பவருக்குக் கிடைப்பது காந்தச் சரிவின் சைன் மதிப்பின் வர்க்கம் அளவுதான். 10 டிகிரிக்கு அது 0.03. அதாவது கிழக்கு மேற்குச் சுவர் 450 காட்டும் இடத்தில் வடக்கு தெற்குச் சுவர் 15 நானோடெஸ்லாகூடக் காட்டாது. உடைந்து சிதறிய மேற்பரப்புக் கற்களின் இரைச்சலிலேயே அது காணாமல் போகும். நம் பகுதியில் காந்த வரைபடத்தை விரித்து, கோடு எதுவும் இல்லை, ஆகவே டைக் இல்லை என்று எழுதியவர்களை நான் பணிக்காலத்தில் பார்த்திருக்கிறேன், தொடக்கத்தில் நானும் அவ்வாறு எழுதியிருக்கிறேன். வடக்கு தெற்கு டைக்கைக் காலால் நடந்து கண்ணால் பார்த்துத்தான் குறிக்க வேண்டும்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. உருகிய குழம்பு உறையும்போது அக்காலத்துப் புவியின் புலத்தை அந்தப் பாறை தனக்குள் பதித்துக்கொள்கிறது. பாறையிலுள்ள மேக்னடைட் என்ற காந்த இரும்புக் கனிமம் 580 டிகிரி செல்சியசுக்குக் கீழே குளிரும்போது நிகழும் இந்தப் பதிவு கோடிக்கணக்கான ஆண்டுகள் நிலைக்கக்கூடியது. அது இன்றைய புலம் பாறையில் ஏற்றும் காந்தத்தைவிட வலிமையாகவும் வேறு திசையிலும் இருந்தால், வடக்கு தெற்கு டைக்கும் தன்னைக் காட்டிக்கொள்ளும்.

எரிமலை பற்றிய கேள்விக்கு வருகிறேன். அது எரிமலை கக்கிய கல் அன்று. புவியின் ஆழத்திலிருந்து எழுந்த பசால்ட் குழம்பு, மேலே வந்து கொட்டாமல், பழைய பாறையின் விரிசலில் நுழைந்து அங்கேயே உறைந்த ஊடுருவிப் பாறை அது. டோலரைட் என்று பெயர். விரிசலை நிரப்பியதால்தான் அது சுவர்போல நேராக நிற்கிறது, ஓரங்களில் சட்டென்று குளிர்ந்ததால்தான் மணிகள் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறுத்திருக்கின்றன. அதற்கு மேலே அன்று இருந்த பல கிலோமீட்டர் பாறை அரித்துப் போனதால் இன்று நம் காலடியில் கிடக்கிறது. கல்வணிகத்தில் குன்னம் கறுப்பு என்று பெயர்பெற்ற, மெருகேற்றிய கறுப்பு கிரானைட் பலகைகளும் திண்டிவனம் வட்டத்தின் இத்தகைய டோலரைட்டே. திருவண்ணாமலை, தர்மபுரி, கிருஷ்ணகிரி வழியாகப் பெங்களூர் வரை இத்தகைய டைக்குகள் கூட்டம் கூட்டமாக உள்ளன. பெங்களூர்ப் பக்கத்துக் கிழக்கு மேற்கு டைக்குகள் சுமார் 237 கோடி ஆண்டுப் பழமை உடையவை. திருவண்ணாமலை மலையை அக்கினித் தலம் என்பதால் அணைந்த எரிமலை என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் அது எரிமலைக் கூம்பு அன்று, புவியோட்டின் ஆழத்தில் உருவான மிகப் பழைய பாறை. உங்கள் ஊர்ப் பெரியவர் சொன்னதும் அந்த நம்பிக்கையின் இன்னொரு வடிவம்தான்.

பரங்கிப்பேட்டையார் எழுதியது:

ஐயா, மிகவும் பயனுள்ள விளக்கம். இதை ஒட்டி ஊர் வரலாற்றிலிருந்து ஒரு கேள்வி கேட்க விரும்புகிறேன். எங்கள் பரங்கிப்பேட்டையில் 1830-இல் ஜோசையா மார்ஷல் ஹீத் இரும்பு உருக்காலை நிறுவினார். 1833-இல் அது பெரிய கம்பெனியாக மாறியது. மரக்கரி உலைகளில் இங்கே உருக்கிய வார்ப்பிரும்பு இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. ஹீத் பின்னர் ஷெபீல்டுக்குச் சென்று, எஃகு வார்ப்பில் மாங்கனீசைச் சேர்க்கும் முறைக்கு 1839-இல் காப்புரிமை பெற்றார். ஆனால் அந்த ஆலைக்கான தாது சேலம் மாவட்டத்திலிருந்து ஆற்றுவழியாக வந்தது. அவ்வளவு தொலைவிலிருந்து தாதுவைக் கொண்டுவர வேண்டிய தேவை என்ன? கடலூர், விருத்தாசலம் பக்கத்தில் மணற்கல்லுக்குக் கீழே இரும்புத்தாது புதைந்திருக்க வாய்ப்பில்லையா? நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி இருப்பதே 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோதுதானே வெளிப்பட்டது? அதுபோல எவரும் தோண்டிப் பார்க்காததால் தெரியாமல் இருக்கலாம் அல்லவா?

கெடிலக்கரை எழுதியது:

பரங்கிப்பேட்டையார் அவர்களே, நல்ல கேள்வி. இதற்கு விடை சொல்ல, இரும்புத்தாது எப்படிப் பிறக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ஹீத்தின் உலைக்கு வந்தது சேலத்து மேக்னடைட் குவார்ட்சைட். கஞ்சமலை, கோதுமலை, தீர்த்தமலை, திருவண்ணாமலைப் பக்கத்து வேடியப்பன் மலை, கவுத்தி மலை எல்லாவற்றிலும் இருப்பது இந்த வகைதான். இதற்கும் எரிமலைக் குழம்புக்கும் நேரடி உறவு இல்லை. 250 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட கடலடியில் சிலிக்காவும் இரும்பும் மாறி மாறிப் படிந்த படலங்கள், பின்னர் வெப்பத்திலும் அழுத்தத்திலும் மடிந்து உருமாறியவை அவை. கஞ்சமலையின் ஒரு துண்டை உடைத்தால், வெள்ளைக் குவார்ட்ஸ் வரியும் கறுப்பு மேக்னடைட் வரியும் பாயின் கோரைகளைப் போல அடுத்தடுத்து ஓடும். இரும்பின் பங்கு நூற்றுக்கு 35 முதல் 40 வரை. காந்தத்தால் பிரித்தெடுக்க எளிது என்பதும், பழைய ஊர் உலைகளில் உருக்கியோர் அதைப் பொடித்துப் புடைத்தே பயன்படுத்த முடிந்தது என்பதும் இந்த வரி அமைப்பால்தான்.

தீக்குழம்பிலிருந்தே பிறக்கும் இரும்புத்தாதுவும் உலகில் இருக்கிறது. சுவீடனின் கிருணா மலையின் மேக்னடைட்டும் அப்படைட்டும், சிலி நாட்டு எல் லாக்கோவின் மேக்னடைட்டும் எரிமலைச் செயல்பாட்டோடு பிணைந்தவை. குழம்பு சுண்ணாம்புக்கல்லுக்குள் நுழைந்த ஓரங்களில் வெப்பமான நீர்மங்கள் சுண்ணாம்பைக் கரைத்து மேக்னடைட்டை இட்டு நிரப்புவதும் உண்டு. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் கார்ன்வால் என்ற சுரங்கம் இவ்வாறு டயபேஸ் ஊடுருவலின் ஓரத்தில் உருவானதே. டயபேஸ் என்பது நம் டோலரைட்டுக்கு அவர்கள் வழங்கும் பெயர். இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. டோலரைட் மட்டும் இருந்தால் தாது பிறக்காது, பக்கத்தில் சுண்ணாம்புக்கல்லும் வேண்டும். திண்டிவனம் பக்கத்து டைக்குகள் நுழைந்தது நைஸிலும் சார்னோக்கைட்டிலும். அவற்றில் கரைந்து இடம்விடும் சுண்ணாம்பு இல்லை. தமிழ்நாட்டில் ஊடுருவிப் பாறையில் மேக்னடைட் குறிப்பிடத்தக்க அளவில் உள்ள இடம் என்றால் திருப்பத்தூர்ப் பக்கத்துச் செவ்வாத்தூர் கார்பனடைட்டை (கார்பனேட் மிகுந்த தீப்பாறை) சொல்லலாம். அங்கும் அப்படைட்டுக்கும் வெர்மிகுலைட்டுக்கும்தான் பெயர்.

இனி உங்கள் மணற்கல் கேள்வி. 1860-களில் வில்லியம் கிங்கும் புரூஸ் ஃபூட்டும் திருச்சிராப்பள்ளி, சேலம், தென்னார்க்காடு மாவட்டங்களை அளந்து நடந்த காலத்திலிருந்தே, கடலோரப் படிவுப் படுகையின் மேற்கு விளிம்பு எங்கே என்பது ஓரளவு தெளிவு. அதற்குக் கிழக்கே பழம்பாறை படிப்படியாக ஆழத்துக்கு இறங்க, அதன்மேல் வழுதாவூர்ப் பக்கத்துக் கிரெட்டேசியஸ் கடற்படிவுகளும், அவற்றுக்கும் மேலே திருவக்கரையின் கல்மரங்களைத் தாங்கும் கடலூர் மணற்கல்லும் அடுக்கடுக்காக உள்ளன. வானூர்வாசியின் டைக்கையே எடுத்துக்கொள்வோம். அது 30 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். அது 200 மீட்டர் மணற்கல்லுக்குக் கீழே புதைந்தால், 450 நானோடெஸ்லாப் பள்ளம் ஏறத்தாழ 30 ஆகச் சுருங்கிப் பல நூறு மீட்டருக்குப் பரந்துவிடும். ஆயிரம் மீட்டரில் அது வெறும் ஆறு. ஆனால் கஞ்சமலை வகைத் தாதுவின் காந்த ஏற்புத்திறன் (புலத்தில் காந்தமேறும் அளவு) டோலரைட்டைவிடப் பல மடங்கு அதிகம். 100 மீட்டர் அகலமான ஒரு தாதுப்படலம் 500 மீட்டர் ஆழத்தில் கிழக்கு மேற்காகக் கிடந்தாலும், சில நூறு நானோடெஸ்லாப் பள்ளத்தை மேலே காட்டும். கஞ்சமலையில் தாதுப்படலம் மலையைச் சுற்றி மடிந்து வளைவதால், எந்தத் திசையில் பார்த்தாலும் அதன் ஏதாவது ஒரு கை கிழக்கு மேற்காக அமையும். ஆகவே அளவில் பெரிய தாது விமானத்திலிருந்து செய்யும் காந்த அளவையின் கண்ணுக்குத் தப்புவது அரிது.

நெய்வேலியோடு இதை ஒப்பிட முடியாது. பழுப்பு நிலக்கரிக்குக் காந்தம் இல்லை, அதைக் காந்தமானியால் காண வழியே இல்லை. அதனால் கிணறு காட்டிக்கொடுக்க வேண்டியிருந்தது. இரும்பின் கதை வேறு. ரஷ்யாவின் கூர்ஸ்க் பகுதியில் திசைகாட்டி பிறழ்வதை 18-ஆம் நூற்றாண்டிலேயே கவனித்துவிட்டார்கள், 1923-இல் துளையிட்டு அடியிலிருந்த தாதுவைத் தொட்டார்கள். சுவீடன்காரர்கள் 17-ஆம் நூற்றாண்டு முதலே சுரங்கத் திசைகாட்டியைக் கையில் பிடித்துத் தாதுவைத் தேடியவர்கள். புதைந்திருந்தாலும் தன் இருப்பை மேலே தெரிவிக்கும் கனிமம் இது.

ஹீத்தின் ஆலை நலிந்ததற்குப் பெருங்காரணம் தாதுவின் தொலைவைவிட மரக்கரிப் பற்றாக்குறை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காடு தீர்ந்தால் உலை நிற்கும்.

தேவனாம்பட்டினம் கடற்கரை எழுதியது:

வணக்கம். நான் கடலூரில் புவியியல் படிக்கும் மாணவி. ஐயா, இங்கே தேவனாம்பட்டினம் கடற்கரையில் ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு அலை பின்வாங்கும் இடத்தில் கறுப்பு மணல் கோடு கோடாகப் படிகிறது. பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தத்தை பாலித்தீன் பையில் சுற்றி அதன்மேல் நகர்த்தினேன். பையின் அடியில் மணல் மயிர்போலக் குத்திட்டு நின்றது. பையைத் திருப்பி உதறித் தாளில் தட்டினால் பளபளப்பான கறுப்புப் பொடி கிடைத்தது. ஒரு கைப்பிடிக் கறுப்பு மணலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு காந்தத்தில் ஒட்டியது. ஒட்டாமல் கீழே நின்றதில் கறுப்பு மணிகளும், நடுவே இளஞ்சிவப்பு மணிகளும் இருந்தன. கடலுக்குள் இரும்புத்தாது இருப்பதன் அடையாளமா இது?

கெடிலக்கரை எழுதியது:

அம்மா, அது கடலிலிருந்து வந்ததன்று, மேற்கே இருக்கும் மலைகளிலிருந்து வந்தது. தென்பெண்ணையும் கெடிலமும் வெள்ளாறும் நைஸ், சார்னோக்கைட், டோலரைட், மேக்னடைட் குவார்ட்சைட் எல்லாவற்றையும் அரித்துக்கொண்டு வருகின்றன. வெள்ளாற்றில் சேரும் வசிஷ்ட நதி சேலத்து மலைப்பக்கம் பிறப்பது. குவார்ட்ஸின் அடர்த்தி 2.65, மேக்னடைட்டின் அடர்த்தி 5.2. அலை ஏறி இறங்கும்போது லேசான வெள்ளை மணலை அள்ளிச் செல்கிறது, கனமானது அதே இடத்தில் தங்குகிறது. அரிசி புடைக்கும் முறத்தில் கல் ஒரு பக்கம் ஒதுங்குவதும் இதே முறைதான். உங்கள் காந்தத்தில் ஒட்டியது மேக்னடைட். ஒட்டாத கறுப்பில் பெரும்பகுதி இல்மனைட்டாக இருக்கும், அதற்குச் சாதாரணக் காந்தம் போதாது. இளஞ்சிவப்பு மணி கார்னெட். ஒட்டியதையும் ஒட்டாததையும் தனித்தனியே எடைபோட்டு, மழைக்கு முன்னும் பின்னும் ஆறு மாதம் குறித்து வையுங்கள். உங்கள் திட்டக் கட்டுரைக்கு அதுவே போதுமானது.

மயிலம் விவசாயி எழுதியது:

பெரியோர்களுக்கு வணக்கம். இந்த இழையை என் மகன் காட்டினான். எனக்கு மயிலத்துக்கு மேற்கே நாலு ஏக்கர் நிலம் இருக்கிறது. அதன் நடுவே இதே கறுப்புக் கல் வரிசை கிழக்கு மேற்காகப் போகிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஒருவர் வந்து, கைப்பேசியில் உள்ள திசைகாட்டியைக் கல்லின் மேல் வைத்துக் காட்டினார். முள் சுற்றியது. கீழே இரும்புத்தாது இருக்கிறது, குத்தகைக்குக் கம்பெனி தயாராக இருக்கிறது, காகிதம் தயாரிக்கப் பணம் வேண்டும் என்றார். நாற்பதாயிரம் கொடுத்தேன். அதன்பின் அவர் தொலைபேசியை எடுக்கவில்லை. பணம் போனது போகட்டும், நான் கேட்க வந்தது வேறு. இந்தக் கல்வரிசைக்கு வடக்கே இருக்கும் என் கிணற்றில் சித்திரை வரை தண்ணீர் நிற்கிறது. தெற்கே நாற்பது அடி தள்ளி என் தம்பி வெட்டிய கிணறு மாசியிலேயே வற்றிவிடுகிறது. தரை வடக்கிலிருந்து தெற்காகச் சரிகிறது. இதற்கும் அந்தக் கல்லுக்கும் தொடர்பு உண்டா?

கெடிலக்கரை எழுதியது:

ஐயா, உங்களுக்கு நேர்ந்தது வருத்தத்துக்குரியது. முதலில் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் பயன்படும். இரும்புத்தாது பெருங்கனிமம். 2015-இல் சுரங்கச் சட்டம் திருத்தப்பட்ட பின், அதற்கான குத்தகையை அரசு ஏலத்தின் வழியாகவே வழங்குகிறது. நிலத்துக்காரருக்குத் தனியாள் ஒருவர் குத்தகைக் காகிதம் வாங்கித் தரவே முடியாது. கைப்பேசியின் முள் சுற்றியதற்கு, மின்னல் தாக்கி வலுவாகக் காந்தமேறிய மேற்பரப்புக் கல் ஒன்று காரணமாக இருக்கலாம், அல்லது அவர் கையிலேயே காந்தம் இருந்திருக்கலாம். டோலரைட்டில் மேக்னடைட் நூற்றுக்குச் சில பங்கு மட்டுமே இருக்கிறது. அதை எவரும் தாது என்று வெட்டமாட்டார்கள்.

இனி உங்கள் கிணறு. இந்த இழையிலேயே மதிப்பு மிகுந்த கேள்வி இதுதான் என்று நான் கருதுகிறேன். நைஸ் பாறையின் மேல் இருபது முப்பது அடி வரை சிதைந்த மண்ணும் விரிசலும் இருக்கும், மழைநீர் அதன் வழியே சரிவை நோக்கி ஊர்ந்து செல்லும். டோலரைட் சுவர் நெருக்கமானது, அதில் விரிசல் குறைவு. சரிவுக்குக் குறுக்கே அது நின்றால் நிலத்தடியில் ஓர் அணைபோலத் தடுக்கும். மேற்சரிவில் இருக்கும் உங்கள் கிணறு அணையின் நீர்ப்பக்கத்தில் இருக்கிறது, தம்பியின் கிணறு அணைக்கு அப்பால். அவர் இன்னும் ஆழமாக வெட்டினாலும் பயன் குறைவாகவே இருக்கும். டைக் எங்கேனும் உடைந்தோ விலகியோ இருந்தால் மட்டும், அந்த இடைவெளியில் நீர் தெற்கே கசியும். மேலே கல் தெரியாத இடத்தில் அந்த விலகலைக் காட்டக்கூடியது காந்தமானி. தாதுவுக்காக எங்களுக்குக் கற்பித்த முறையை, பணிக்காலத்தின் பிற்பகுதியில் நான் பெரும்பாலும் தண்ணீருக்காகத்தான் பயன்படுத்தினேன்.

வானூர்வாசி எழுதியது:

கெடிலக்கரை ஐயா, ஓர் ஐயம். நண்பர் ஒருவர் எங்கள் அளவுகளைக் கணினி நிரலில் இட்டு, வடதுருவத்தில் அளந்ததுபோல மாற்றித் தந்தார். பள்ளம் மேடாக மாறியது, ஆனால் வரைபடம் முழுவதும் வடக்கு தெற்காக நீண்ட கோடுகள் தோன்றின. அவையும் டைக்குகளா?

கெடிலக்கரை எழுதியது:

இல்லை. சரிவு குறைந்த இடத்தில் அந்த மாற்றம் நிலைகுலையும். வடக்கு தெற்காக நீளும் வடிவங்களைப் பற்றிய செய்தி உங்கள் அளவுகளில் கிட்டத்தட்ட இல்லை என்று முன்பே சொன்னேன். இல்லாத செய்தியை மீட்க நிரல் அந்தத் திசையின் இரைச்சலைப் பன்மடங்கு பெருக்குகிறது, அதுவே கோடுகளாகத் தெரிகிறது. நம் பகுதிக்குத் துருவ மாற்றத்தை விட்டுவிட்டுப் பள்ளத்தைப் பள்ளமாகவே படிப்பது நல்லது. ஒல்லியான டைக்காக இருந்தால், பள்ளத்தின் பாதி ஆழத்தில் அதன் அரை அகலம் எவ்வளவோ அவ்வளவே டைக்கின் உச்சி உங்கள் உணரிக்குக் கீழே இருக்கும்.

மயிலம் அன்பரின் நிலத்தை அளக்கச் செல்வதாக இருந்தால் சில நடைமுறைகள். உணரியை ஆள் உயரத்துக்கு மேல் கம்பத்தில் பிடியுங்கள். பம்புசெட், மின்கம்பி, முள்வேலி ஆகியவற்றிலிருந்து முப்பது மீட்டராவது விலகுங்கள். அளப்பவரிடம் சாவி, கைப்பேசி, இடைவார்க் கொக்கி எதுவும் இருக்கக்கூடாது. பகல் நேரத்தில் காந்த நடுக்கோட்டின் மேலே அயனி மண்டலத்தில் ஓடும் மின்னோட்டத்தின் தாக்கம் நம் ஊர் வரை எட்டுவதால், காலைக்கும் உச்சிக்கும் இடையே பல பத்து நானோடெஸ்லா தானாகவே மாறும். ஆகவே ஒரே இடத்துக்கு அரைமணிக்கு ஒரு முறை திரும்பி வந்து அளந்து, அந்த மாற்றத்தைக் கழித்துக்கொள்ளுங்கள்.

வானூர்வாசி எழுதியது:

சென்ற ஞாயிற்றுக்கிழமை மயிலம் அன்பரின் நிலத்துக்குச் சென்று வந்தோம். சம்பா அறுவடை முடிந்து தாள் மட்டும் நின்றதால் நடக்க எளிதாக இருந்தது. காலை ஆறரைக்குத் தொடங்கிப் பத்தரைக்குள் முடித்தோம். கிழக்கு மேற்காகப் பத்து மீட்டருக்கு ஒன்றாகப் பதினான்கு கோடுகள், ஒவ்வொரு கோட்டிலும் வடக்கு நோக்கி மூன்று மீட்டருக்கு ஓர் அளவு. புரோட்டான் காந்தமானியின் செயல்பாட்டைத் தம்பியின் மகனுக்கு மாணவர்களே விளக்கினார்கள். புட்டியில் இருக்கும் நீர்மத்தின் புரோட்டான்கள் ஒரு கணம் மின்சுருளால் திருப்பப்பட்டு, விட்டதும் புவியின் புலத்தைச் சுற்றித் தள்ளாடுகின்றன. 41,000 நானோடெஸ்லாவில் அந்தத் தள்ளாட்டம் வினாடிக்கு ஏறத்தாழ 1,745 முறை. அதை எண்ணித்தான் கருவி புலத்தைச் சொல்கிறது. ஒலிபெருக்கியில் இணைத்தபோது மெல்லிய சீழ்க்கை எழுந்து சில வினாடிகளில் தேய்ந்தது. பையன் அதை இருபது முறையாவது கேட்டிருப்பான்.

ஒவ்வொரு கோட்டிலும் பள்ளத்தின் அடி விழுந்த இடத்தில் சுண்ணாம்புத் தூளால் புள்ளி வைத்தோம். முதல் ஒன்பது கோடுகளில் புள்ளிகள் நூல் பிடித்ததுபோல நேராக வந்தன. பத்தாவது கோட்டில் பள்ளம் ஆழம் குறைந்து மங்கியது. பதினொன்றிலிருந்து மீண்டும் தெளிவாக, ஆனால் பன்னிரண்டு மீட்டர் தெற்கே தள்ளித் தொடர்ந்தது. அந்த இடத்தில் மேலே கல் ஏதும் தெரியவில்லை, வேலிக்காத்தான் புதர் மட்டும் இருந்தது. கார்த்திகையில் அங்கே தரை ஈரம் காயாது என்று அன்பர் அப்போதுதான் சொன்னார்.

கெடிலக்கரை எழுதியது:

மிக நன்று. பத்தாவது கோட்டில் டைக் உடைந்து விலகியிருக்கிறது. தம்பி புதிதாகத் துளையிடுவதாக இருந்தால், வற்றிய கிணற்றை ஆழப்படுத்தாமல், அந்த மங்கிய இடத்துக்கு நேர் தெற்கே இடம் பார்க்கலாம். அதற்கு முன்பு மின்தடை அளவை ஒன்றும் செய்து, சிதைந்த மண்ணின் ஆழத்தை அறிந்துகொள்ளுங்கள். காந்தம் பாறையைக் காட்டும், நீரைக் காட்டாது.

மயிலம் விவசாயி எழுதியது:

சுண்ணாம்புப் புள்ளிகள் அழிவதற்குள் ஒவ்வொன்றிலும் முளைக்குச்சி அடித்துவிட்டேன், இரும்பு இல்லாமல், பனங்குச்சியில். இரண்டு கிணற்றின் நீர்மட்டத்தையும் ஒவ்வொரு பௌர்ணமி அன்றும் கயிறு விட்டு அளந்து இங்கே எழுதுகிறேன். நேற்றைய அளவு: வடக்குக் கிணறு பதினேழு அடி, தெற்குக் கிணறு முப்பத்தொரு அடி.